வடித்த தண்ணீர்

நூல் ஆலையின் கேன்டீனில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் யாரும் இல்லை. எல்லாருக்கும் அவள் ‘சிக்கனம் அக்கா’தான். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், பிறகு முகத்துக்கு நேரே சொன்னார்கள். கடைசியில் போனை எடுத்தால் அவளே “சிக்கனம் பேசறேன்” என்று சொல்லும் அளவுக்கு அது ஒட்டிக்கொண்டது. இருபத்தாறு வருஷமாக அங்கே தலைமைச் சமையல் அவள்தான். இரண்டு ஷிப்டு, ஷிப்டுக்கு இருநூறு தட்டு.

கஞ்சத்தனம் வேறு, சிக்கனம் வேறு. தட்டில் வைக்கும்போது அவள் கை சுருங்கியதை யாரும் பார்த்ததில்லை. இன்னொரு கரண்டி கேட்டவனுக்கு ஒன்றரைக் கரண்டி விழும். ஆனால் அடுப்படியில் ஒரு பொருள் வீணாய்ப் போனால் அவளுக்குப் பொறுக்காது. அதிலும் காய் வெந்த தண்ணீர். பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில், மூடி போட்ட ஓர் அலுமினிய அண்டா எப்போதும் நிற்கும். உருளைக்கிழங்கு வெந்தாலும் சரி, பீன்ஸ் வெந்தாலும் சரி, பூசணியோ கீரையோ எது வெந்தாலும் சரி, வடித்த தண்ணீர் அதற்குள்தான் போக வேண்டும். அதுதான் அடுத்த வேளைச் சூப்புக்கு, அதுதான் மாவு பிசைய, அதுதான் சோறு வைக்க.

“காயோட உயிரே தண்ணியிலதான் இருக்கு. அதைக் கொட்டிட்டுச் சக்கையத் திங்க நாம என்ன மாடா? மாடுகூடச் சக்கையோட தண்ணியையும் சேத்துத்தான் குடிக்குது” என்பாள்.

புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்மணி, விவரம் தெரியாமல் ஒருநாள் ஒரு பெரிய பாத்திரம் நிறைய உருளைக்கிழங்குத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றிவிட்டாள். சிக்கனம் கத்தவில்லை. தொட்டிக்குப் பக்கத்தில் போய் நின்று, தண்ணீர் சுழன்று ஓட்டைக்குள் இறங்குவதைக் கடைசிச் சொட்டு வரைக்கும் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: “ஏம்மா, தொட்டிக்கா பசிக்குது?”

அன்றிலிருந்து அந்த ஆலையில் அது ஒரு பழமொழி ஆகிவிட்டது. நூல் கண்டை வீணாக்கியவனிடம் மேஸ்திரி, “மெஷினுக்கா பசிக்குது?” என்பார். விளக்கை அணைக்காமல் போனவளிடம், “சுவத்துக்கா பசிக்குது?” என்பார்கள். ஒரு சமையல்காரி சொன்னது நானூறு பேர் வாயில் புழங்குவது சின்னப் பெருமை இல்லை. அவளுக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் இந்தக் கதையில் அந்தக் கனம்தான் ஆளைக் கவிழ்த்தது.

அவள் கணவர் பஸ் டிரைவர். முப்பது வருஷம் ஒரே தடம், ஒரே வளைவுகள். முதுகுவலிக்குக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு வண்டி எடுப்பார். எந்த டாக்டரையும் கேட்டதில்லை. கால் வீங்கியபோது செருப்புதான் சின்னதாகிவிட்டது என்று நினைத்து ஒரு அளவு பெரிதாக வாங்கிப் போட்டுக்கொண்டார். அதுவும் பற்றாமல் போய், படியேற மூச்சு வாங்கி, ஆஸ்பத்திரிக்குப் போனபோது இரண்டு சிறுநீரகங்களும் வேலையை ஏறக்குறைய விட்டுவிட்டிருந்தன. செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். நாலு மணி நேரம் கையில் குழாய், பக்கத்தில் இரத்தத்தைச் சுத்தம் செய்யும் மெஷின்.

ஸ்டீரிங் பிடித்த கை சும்மா இருக்கப் பழகவில்லை. ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு தெருவில் போகும் வண்டிகளுக்குக் கியர் மாற்றிக்கொண்டிருப்பார். “மூணாவதுல வர்றான் பாரு, இஞ்சின் அழுவுது” என்பார். அவருக்கு நோயைவிடப் பெரிய தொல்லை தாகம். ஒரு நாளைக்கு மூன்று டம்ளர் தண்ணீர், அதற்கு மேல் ஒரு வாய்கூடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். காலையில் ஒன்று, மதியம் ஒன்று, சாயங்காலம் ஒன்று. நடுவில் நாக்கு ஒட்டிக்கொண்டால் ஒரு ஐஸ் துண்டை வாயில் போட்டுக்கொண்டு, கல்யாண வீட்டு மிட்டாய் மாதிரி அதைக் கரைய விடாமல் வைத்திருப்பார்.

மெஷின் பாதி வைத்தியம், மீதிப் பாதி சாப்பாடு என்று சிஸ்டர் முதல் நாளே சொன்னாள். அந்த மீதிப் பாதியைச் சொல்லித்தர ஒரே ஒருவர்தான் இருந்தார். டயட் மேடம். நாலு ஆஸ்பத்திரிக்கு ஒரே மேடம். இந்த ஆஸ்பத்திரிக்கு மாதத்தின் முதல் புதன்கிழமை மட்டும் வருவார். டிரைவரின் முறை செவ்வாயும் வெள்ளியும். புதன்கிழமை என்றால், முந்தின நாள் மெஷினில் கிடந்த களைப்பில் அவர் எழுந்து உட்காரவே மதியம் ஆகிவிடும். அப்படியும் ஒருமுறை முட்டி மோதிச் சிக்கனம் அவரைப் புதன்கிழமையில் கூட்டிக்கொண்டு போனாள். மேடத்துக்கு வேறு ஆஸ்பத்திரியில் மீட்டிங், அடுத்த மாதம் வாருங்கள் என்று கதவில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. பதினொரு மாதத்தில் அவர் மேடத்தின் கையெழுத்தைத்தான் பார்த்தார், முகத்தைப் பார்க்கவில்லை.

மேடத்துக்குப் பதிலாக சிஸ்டர் ஒரு தாளைக் கொடுத்தாள். நகலுக்கு நகல் எடுத்து எடுத்து எழுத்தெல்லாம் சாம்பல் பூத்துப் போன தாள். வாழைப்பழம் கூடாது, ஆரஞ்சு கூடாது, உலர்ந்த பழம் கூடாது, உப்புக்குப் பதிலாக விற்கும் உப்பும் கூடாது. காய்களைச் சிறிதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, வடித்துச் சமைக்கவும். அவ்வளவுதான்.

“ஏன் சிஸ்டர் வடிக்கணும்?” என்று அவள் கேட்டாள்.

“பொட்டாசியம் ஏறக் கூடாதுல்ல, அதுக்குத்தான்க்கா.”

“அது என்னது?”

“உப்பு மாதிரி ஒண்ணு. ரத்தத்துல ஏறுச்சுன்னா இதயத்தையே நிறுத்திடும்.” அதற்குள் ஏழாம் கட்டிலில் மெஷின் கூவ, சிஸ்டர் ஓடிவிட்டாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. பன்னிரண்டு கட்டிலுக்கு இரண்டு பேர்.

ஆகவே சிக்கனம் தனக்குத் தெரிந்த வழியில் யோசித்தாள். வடிக்கச் சொல்கிறார்கள் என்றால், காயின் பாரத்தை இவருடைய உடம்பு தாங்காது. சக்கை லேசாக இருக்க வேண்டும். சரி, சக்கையை லேசாக்கிக் கொடுப்போம். ஆனால் சத்து? இப்படி இளைத்துக்கொண்டே போகிறவருக்குச் சத்து வேண்டாமா? சத்துதான் வடித்த தண்ணீரில் இருக்கிறதே. மென்று தின்றால்தானே பாரம், குடித்தால் என்ன பாரம்? உப்பு மாதிரி ஒன்று ஏறக் கூடாது என்றார்களே, அதற்காக அதில் ஒரு கல் உப்புகூட அவள் போடவில்லை.

இன்னொரு இடைஞ்சல் இருந்தது. மூன்று டம்ளருக்கு மேல் போகக் கூடாது. அதற்கும் வழி வைத்திருந்தாள். நாலு டம்ளர் தண்ணீரைச் சிறு தீயில் சுண்டக் காய்ச்சி ஒரு டம்ளராக்கினாள். மஞ்சளும் பச்சையும் கலந்த, கொழகொழப்பான சாறு. அன்றைக்குரிய மூன்று டம்ளரில் ஒன்றாக அதை அவர் குடிக்க வேண்டும். அவள் வேலைக்குப் போகும் நாளில் பிளாஸ்க்கில் ஊற்றிக் கட்டிலருகே வைத்துவிட்டு, “பதினோரு மணிக்கு, மறக்காம” என்று சொல்லிப் போவாள். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று சும்மா சொல்லவில்லை. இருபத்தாறு வருஷம் நானூறு பேர் வயிற்றைப் பார்த்தவளுக்கு ஒருவர் வயிறு தெரியாதா?

நாலாவது மாதத்தில் இரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் ஏறியிருந்தது. டாக்டர் சின்ன வயதுக்காரர், தூக்கமில்லாத கண். கட்டிலுக்கு இரண்டு நிமிஷம்தான் அவரால் நிற்க முடியும். “பழம் சாப்பிட்டீங்களா?” என்றார்.

“இல்ல டாக்டர்.”

“ஆரஞ்சு? ஜூஸ்?”

“இல்லீங்க.”

“சாப்பிடாம எப்படி ஏறும்?” என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அடுத்த கட்டிலில் இருந்தவர் ஓய்வுபெற்ற வாத்தியார். “ஒத்துக்கோங்க டிரைவர். நான் ஒத்துக்கிட்டேன், ரெண்டே நிமிஷத்துல விட்டுட்டார்” என்றார் அவர். டிரைவர் சிரித்தார். சிக்கனம் சிரிக்கவில்லை.

மறுமாதம் இன்னும் ஏறியது. அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தன் சமையலில் தப்பு இருக்க வழியில்லை. அப்படியென்றால் தப்பு எங்கே? இவர் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்துபோய்ப் பழைய சிநேகிதர்களோடு உட்கார்ந்துவிட்டு வருகிறார். அங்கே பெட்டிக்கடை இருக்கிறது, கடை வாசலில் வாழைத்தார் தொங்குகிறது. அவள் அவருடைய சட்டைப் பையைத் துழாவினாள். கடைக்காரரிடமே போய் விசாரித்தாள். அவர் யாருக்கு எத்தனை பழம் கொடுத்தேன் என்று கணக்கா வைத்திருக்கிறார்? “எடுத்திருக்கலாம் அக்கா, கவனிக்கல” என்றார். அந்த ஒரு ‘லாம்’ அவளுக்குப் போதுமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து கேட்டாள். இல்லை என்றார். திரும்பத் திரும்பக் கேட்டாள். இல்லை என்றார். “நான் அங்க வெந்து சாகறேன், நீங்க இங்க திருட்டுத்தனமா தின்னுட்டு வர்றீங்க” என்று சொல்லிவிட்டுப் பேச்சை நிறுத்தினாள். வாய் ஓயாத பெண்பிள்ளை பேச்சை நிறுத்தினால் வீடு என்ன ஆகும்? நாலு நாள் பாத்திரம் மட்டும் பேசியது. தட்டு வந்தது, சாறு வந்தது, மாத்திரை வந்தது, வார்த்தை வரவில்லை. ஐந்தாம் நாள் காலையில் அவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னார்: “சாப்பிட்டேம்மா. ரெண்டு வாழைப்பழம். இனிமே சாப்பிட மாட்டேன்.”

அவள் திட்டினாள், அழுதாள், மூக்கைச் சிந்தினாள், பிறகு பேசத் தொடங்கினாள். அடுத்த செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் அவளே சொன்னாள், பழம்தான் காரணம் என்று. டாக்டர் தலையசைத்துக் குறிப்பேட்டில் எழுதினார். காரணம் கிடைத்துவிட்டது, அதற்கு மேல் யாரும் தேடவில்லை. பழம் தின்று இளைத்துப்போன உடம்பைத் தேற்ற, அவள் சாற்றை இன்னும் கொஞ்சம் கெட்டியாகச் சுண்ட வைத்தாள்.

பதினொன்றாம் மாதம் ஒரு திங்கட்கிழமை. அவர் நாற்காலியிலிருந்து எழ முயன்றார், கால் வரவில்லை. “கிளட்ச்சு மிதிக்க முடியலம்மா” என்றார். அப்போதுகூட வேடிக்கைப் பேச்சுதான். ஆனால் உதடு வெளுத்திருந்தது. ஆஸ்பத்திரியில் மார்பில் ஒயர்களை ஒட்டிப் பார்த்தவுடன் டாக்டரின் நடை ஓட்டமாக மாறியது. அவசரமாக ஊசி, அவசரமாக மெஷின். இதயம் நின்று நின்று துடித்தது என்று பிறகு சிஸ்டர் சொன்னாள். இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் ஆள் மிஞ்சியிருக்க மாட்டார்.

சாயங்காலம் அவர் கண் திறந்ததும் டாக்டர் கேட்டார்: “இன்னும் பழமா?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் குனிவையே அவள் ஒப்புதலாக எடுத்துக்கொண்டாள். நாற்பது வயதில் பிள்ளை இல்லை என்று முடிவாகிப் போன வீடு அது. அவருக்கு அவள், அவளுக்கு அவர். அந்த ஒற்றை மனிதர், ஒரு வாழைப்பழத்துக்காகத் தன்னை விட்டுவிட்டுப் போகப் பார்க்கிறாரே என்று இருந்தது. நாளை மறுநாள் மாதத்தின் முதல் புதன்கிழமை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நான் சொல்லிக் கேட்காதவர், படித்த மேடம் சொன்னால் கேட்பார். இவர் வரமுடியாவிட்டால் என்ன, நான் போய்ச் சொல்கிறேன், நாலு வார்த்தை எழுதித் தரட்டும், சுவரில் ஒட்டி வைக்கிறேன்.

புதன்கிழமை அவள் போனது, புருஷன் மேல் புகார் கொடுக்க.

செவ்வாய் மாலை அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள். கேன்டீனில் இரண்டாம் சமையல்காரியிடம் ஷிப்டை மாற்றிக்கொண்டு, பிளாஸ்க்கை நிரப்பிக் கட்டிலருகே வைத்துவிட்டு, பதினோரு மணியை நினைவுபடுத்திவிட்டுக் கிளம்பினாள். மேடத்தின் அறை உண்மையில் சாமான் வைக்கும் அறை. ஒரு பக்கம் ஊசி மருந்து அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன, மறுபக்கம் ஓர் எடை மெஷின், நடுவில் ஆடுகிற மேஜை. வெளியே பெஞ்சில் பதினைந்து பேர். ஒவ்வொருவர் மடியிலும் அதே சாம்பல் பூத்த தாள். ஒரு பாட்டி தன் தாளைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள். ஒருத்தர் மூன்று பஸ் மாறி வந்திருந்தார், அவர் ஊருக்கு எந்த மேடமும் போவதில்லையாம். உட்கார்ந்து கேட்கக் கேட்க அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. மெஷின் கிடைத்தவர்களே கொடுத்து வைத்தவர்கள் என்று நினைத்திருந்தாள். என்ன சாப்பிடுவது என்று சொல்ல ஆள் கிடைப்பது அதைவிட அரிதாக இருக்கிறது.

அவள் முறை வந்தபோது சுவர்க் கடிகாரத்தில் பத்தே முக்கால். மேடம் நடு வயது, குரல் கட்டிப்போயிருந்தது.

“அவர் திருட்டுத்தனமா பழம் சாப்பிடறாரு மேடம். நீங்க கண்டிப்பா நாலு வார்த்தை எழுதித் தரணும்” என்று எடுத்த எடுப்பிலேயே சொன்னாள்.

“எழுதறேன். அதுக்கு முன்னாடி, வீட்டுல ஒரு நாளைக்கு எழுந்ததுலேர்ந்து தூங்கற வரைக்கும் என்னென்ன கொடுப்பீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க.”

இது அவளுக்குப் பிடித்த கேள்வி. பதினொரு மாதமாக ஒருவரும் கேட்காத கேள்வி. நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு சொன்னாள். காலை ரொட்டி எத்தனை, காய் எவ்வளவு, எந்த அளவுக்கு நறுக்குவாள், எத்தனை மடங்கு தண்ணீரில் வேகவைப்பாள். மேடம் எழுதிக்கொண்டே, “ரொம்ப நல்லா செய்யறீங்க. இவ்வளவு சரியா யாரும் செய்யறதில்ல” என்றார். அவள் முகம் மலர்ந்தது. மேடம் தலை நிமிராமல் அடுத்ததைக் கேட்டார்: “வடிச்ச தண்ணிய என்ன பண்ணுவீங்க?”

“அதை ஏன் மேடம் வீணாக்குவேன்? நாலு டம்ளரை ஒரு டம்ளரா சுண்டக் காய்ச்சி அவருக்குத்தான் குடுக்கறேன். தினமும்.”

பேனா நின்றது.

மேடம் திட்டியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை. நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, மெதுவாக, குழந்தைக்குச் சொல்வது போல இல்லாமல், இன்னொரு சமையல்காரிக்குச் சொல்வது போலச் சொன்னார். காயில் இருக்கும் பொட்டாசியம் வேகும்போது தண்ணீரில் இறங்கிவிடும். அதை வெளியேற்றத்தான் வடிக்கச் சொல்வது. நமக்கெல்லாம் அது சத்து. வேலை செய்யாத சிறுநீரகத்துக்கு அதை வெளியே தள்ளத் தெரியாது. உடம்பிலேயே தங்கும், ஏறும், இதயத்தைப் பிடிக்கும். “நாலு டம்ளர்ல இருந்ததை நீங்க ஒரு டம்ளர்ல சேத்திருக்கீங்கம்மா.”

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று எத்தனையோ பேருக்கு அவளே சொல்லியிருக்கிறாள். வேலியே பயிரை மேய்ந்த கதை என்று யார் யாரையோ ஏசியிருக்கிறாள். இப்போது அந்த வார்த்தைகளெல்லாம் வரிசையாக வந்து அவள் முன்னால் நின்றன. திங்கட்கிழமை அவருடைய வெளுத்த உதடு. கிளட்ச்சு மிதிக்க முடியவில்லை என்றாரே. என் கையால், என் கையால் என்று மட்டும்தான் அவளுக்கு நினைக்க முடிந்தது.

“இன்னைக்குக் குடிச்சாரா?” என்று கேட்டார் மேடம்.

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்றுக்கு ஐந்து நிமிஷம். போனை எடுத்து அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி அழுத்தினாள். வண்டி ஓட்டிய காலத்தில் போனைத் தொடுவதில்லை என்று வைத்திருந்த மனிதர், இன்றைக்கும் அதை அடுத்த அறையில் எங்கேயாவது போட்டுவிட்டுத்தான் உட்கார்ந்திருப்பார். எழுந்து போகக் காலும் வராது. மேடம் டாக்டருக்குப் போன் செய்துகொண்டே, “கூட்டிட்டு வந்துடுங்க, நான் சொல்லி வைக்கறேன்” என்றார். பெஞ்சில் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்க அவள் வராந்தாவில் ஓடினாள். அந்த உடம்பு ஓடிப் பல வருஷம் ஆகிறது.

வாடகை வண்டி ஒவ்வொரு சிக்னலிலும் நின்றது. வீட்டுக்குள் நுழைந்தபோது பதினொன்றரை. அவர் ஜன்னலோரம் அமர்ந்திருந்தார். பிளாஸ்க் மூடி திறந்து கவிழ்ந்து கிடந்தது. உள்ளே ஒரு சொட்டு இல்லை.

“டாண்ணு பதினோரு மணிக்குக் குடிச்சுட்டேன்” என்றார். அவளை ஏறிட்டுப் பார்த்து, “என்னம்மா, மேடம் என்னைத் திட்டினாங்களா?” என்றார்.

அவள் அவர் தோளுக்கடியில் கையைக் கொடுத்துத் தூக்கினாள். வாசலில் வண்டி காத்திருந்தது.

மேடம் சொல்லி வைத்திருந்ததால் உடனே பார்த்தார்கள். ஏறியிருந்தது, ஆனால் திங்கட்கிழமை அளவுக்கு இல்லை. முந்தின நாள்தான் மெஷின் சுத்தம் செய்திருந்தது, அதுதான் காப்பாற்றியது. இருந்தாலும் மதியம் ஒரு இரண்டு மணி நேரம் மெஷினில் போடலாம் என்றார் டாக்டர். கட்டில் காலியாகும் வரைக்கும் இருவரும் வராந்தாப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அங்கே வைத்துத்தான் சொன்னாள். எதையும் மறைக்காமல், எந்த நாளிலிருந்து, எத்தனை டம்ளர் என்று, புகார் கொடுக்கப் போனவள் குற்றவாளியாக நின்று சொன்னாள்.

“நீங்க தின்ன ரெண்டு பழமெல்லாம் ஒண்ணுமே இல்லீங்க. நான்தான் தினம் தினம்...” என்றாள்.

அவர் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: “நான் பழம் சாப்பிடலம்மா.”

“ரெண்டு சாப்பிட்டேன்னு சொன்னீங்களே.”

“நீ நாலு நாளா பேசல.”

அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் இன்னும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். “ஒத்துக்கிட்டா நீ பேசுவன்னு தோணுச்சு. பேசின” என்றார்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். ஆறு மாதம் அவளுடைய பாவத்தை அந்த மனிதர் தோளில் போட்டுத் தூக்கிக்கொண்டிருந்தார் என்பதும், அந்த ஒரு பொய்யால்தான் டாக்டர் தேடுவதை நிறுத்தினார் என்பதும் அவளுக்கு ஒரே சமயத்தில் விளங்கியது. கோபப்படுவதா, காலில் விழுவதா என்று தெரியவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். குழாய் போகிற கை என்பதால் வலிக்குமோ என்று உடனே தளர்த்தினாள்.

கட்டில் தயாரானதும் அவரை உள்ளே விட்டுவிட்டு வந்தவளிடம், வெளியே வந்த மேடம் அந்தச் சாம்பல் தாளைக் கேட்டு வாங்கினார். “எட்டு வருஷமா இந்தத் தாளத்தான் நகல் எடுத்துக் குடுத்துட்டு இருக்கோம். வடிக்கச் சொன்னோம், கொட்டச் சொல்லல. கொட்டாம வேற என்ன செய்வாங்கன்னு நாங்களே நினைச்சுக்கிட்டோம்” என்றார். பேனாவை நீட்டினார். “நீங்களே எழுதுங்க. உங்க எழுத்து என் எழுத்தைவிடப் புரியும்.” தாளின் அடியில் இருந்த கொஞ்ச இடத்தில் அவள் எழுதினாள்: வடித்த தண்ணீரைக் கீழே கொட்டிவிடவும். யாரும் குடிக்கக் கூடாது. கேன்டீன் பலகையில் தினமும் எழுதிப் பழகிய குண்டு குண்டான எழுத்து. இப்போதும் அந்த ஆஸ்பத்திரியில் கொடுக்கிற தாளில் மேலே எல்லாம் அச்சு, அடியில் மட்டும் அந்தக் கையெழுத்து. யார் எழுத்து என்று வாங்கிப் போகிறவர்களுக்குத் தெரியாது.

மறுநாள் மத்தியானம் வீட்டில் உருளைக்கிழங்கு வெந்தது. சின்னச் சின்னத் துண்டுகள், நிறையத் தண்ணீர். அடுப்பை அணைத்து, தட்டால் மூடிப் பாத்திரத்தைச் சாய்த்து வேறொரு பாத்திரத்தில் வடித்தாள். கை தன் பழக்கத்தில் செய்துவிட்டது. அந்தப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு தொட்டிக்குப் போனாள். ஆவி முகத்தில் அடித்தது. ஊற்ற வேண்டியதுதான். இருபத்தாறு வருஷம் ஊற்றாத கை சாய மறுத்தது. நஞ்சு என்று தெரிந்தும் மறுத்தது. அவள் அப்படியே நின்றாள்.

பின்னால் சுவரைப் பிடித்துப் பிடித்து அவர் வரும் சத்தம் கேட்டது. பக்கத்தில் வந்து நின்று, அவள் கைக்கு அடியில் தன் கையைக் கொடுத்தார்.

“ஊத்தும்மா. இன்னைக்குத் தொட்டிக்குத்தான் பசிக்குது.”

இரண்டு பேருமாகச் சாய்த்தார்கள். மஞ்சள் தண்ணீர் சுழன்று சுழன்று இறங்கியது. கடைசிச் சொட்டு வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, மத்தியானத்துக்குரிய டம்ளரை எடுத்து, குடத்திலிருந்து வெறும் தண்ணீரை மொண்டு அவரிடம் கொடுத்தாள்.

அவர் அதை உடனே குடிக்கவில்லை. கையில் வைத்துக் கொஞ்ச நேரம் குளிர்ச்சியைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, வாய் வாயாக, டம்ளரின் அடி தெரியும் வரைக்கும் குடித்தார்.

“எப்படி இருக்கு?” என்று கேட்டாள். எதைக் கொடுத்தாலும் அப்படிக் கேட்பது அவள் வழக்கம்.

“தண்ணி மாதிரி இருக்கும்மா” என்றார்.